ஒரே லேப்டாப்பில் இரண்டு குடித்தனம்

பேட்ஜ் அக்காவுக்கு அந்தத் தெருவில் வேறு பெயர் கிடையாது. பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் வங்கிப் புத்தகத்துக்குள் பத்திரமாக இருந்தது. அதை எடுத்துப் புழங்கியவர் எவருமில்லை. பள்ளிப் பிள்ளைகளின் சட்டைப் பை, மருத்துவமனைக் காவலாளியின் தோள், லாரி கம்பெனி ஆட்களின் தொப்பி என்று அவள் இயந்திரத்தின் ஊசி ஏறி இறங்காத துணி அந்த வட்டாரத்தில் குறைவு.

படிப்பு ஐந்தாவதோடு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு சட்டைத் தொழிற்சாலையில் பதினோரு வருடம் காஜா போட்டாள். தொழிற்சாலையை மூடியபோது, மூலையில் சாக்குப் போட்டு மூடிக் கிடந்த எம்பிராய்டரி இயந்திரத்தை அவளும் கணவரும் வாங்கி, மூன்று மாடி தூக்கி வந்தார்கள். கணவருக்கு லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை. ஊரில் உள்ள லிஃப்டுக்கெல்லாம் வைத்தியம் பார்க்கிறவர், லிஃப்டே இல்லாத கட்டடத்தில் மூன்றாவது மாடியில் குடியிருந்தார். "நல்லதாப் போச்சு. வீட்டுக்கு வந்தும் வேலை பார்க்க வேண்டியதில்லை," என்பார்.

இயந்திரத்தை முன்னறையில் போட்டார்கள். அது ஓடினால் தரை அதிரும். கீழ்வீட்டுக்காரம்மா, சுவரில் மாட்டிய கரண்டியெல்லாம் ஆடுகிறது என்று முதல் வாரம் சண்டைக்கு வந்தாள்; இரண்டாவது வாரம் தன் மகளுக்குத் தலையணை உறையில் மயில் போட்டுத் தரச் சொல்லி வந்தாள். மயில் போட்டுக் கொடுத்ததோடு கரண்டி ஆடுவது பற்றிய பேச்சு நின்றது.

இயந்திரத்தோடு ஒரு லேப்டாப்பும் வந்திருந்தது. டிசைன் வரைகிற மென்பொருள் அதில் மட்டும்தான் திறக்கும். அதுவும் அதிலிருந்த பழைய சிஸ்டத்தில்தான் ஓடும். கடையில் புது லேப்டாப்புகள் எத்தனை பளபளப்பாக நின்றாலும் அவளுக்கு அவற்றால் பயனில்லை. காலையில் குளித்துவிட்டு வந்து, லேப்டாப் மூடியின் மேல் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வாள். நீளமான வேண்டுதல் ஒன்றுமில்லை. "ஊசி முறியாம, நூல் அறாம பார்த்துக்கோ சாமி" என்பதுதான். அவள் சாமியிடம் பெரியதாகக் கேட்டுப் பழகாதவள்.

ஆங்கிலம் அவளுக்கு எழுத்துக் கூட்டத்தான் வரும். அதனால் டிசைன்களுக்குப் பெயர் வைக்காமல் எண் வைத்தாள். ஒன்று, புத்தகமும் விளக்கும். இரண்டு, கப்பல். பன்னிரண்டு வருடத்தில் அறுநூற்று நாற்பது வரை வந்துவிட்டது. எந்த எண்ணில் எது என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வாள்.

இயந்திரம் ஒவ்வொரு தடவையும் புது டிசைனை ஏற்றிக்கொள்வதற்கு முன் மூன்று கேள்வி கேட்கும். முந்தையதை அழித்துவிடலாமா, சட்டத்தில் துணி மாட்டியாகிவிட்டதா, தொடங்கலாமா என்று. மூன்றும் ஆங்கிலத்தில் வரும். மூன்றுக்கும் பதில் இடது பக்கப் பொத்தான். முதல் வாரத்தில் பயந்துகொண்டு வலது பக்கத்தை அழுத்தியதில் ஒரு கிளியின் முதுகில் கப்பல் ஏறி உட்கார்ந்து, ஊசியும் முறிந்தது. அன்றிலிருந்து பெட்டி போட்டு எது என்ன கேட்டாலும் அவள் விரல் தானாக இடது பக்கம் போய்விடும். பன்னிரண்டு வருடம் அந்த விரல் அவளை ஏமாற்றியதில்லை.

நாத்தனார் வந்து சேர்ந்தது இரண்டு வருடத்துக்கு முன்பு.

கணவரின் ஒரே தங்கை. பதின்மூன்று வருடம் குடும்பம் நடத்திவிட்டு, ஒரு சூட்கேஸோடு மூன்று மாடி ஏறி வந்து வாசலில் நின்றாள். யாரும் எதுவும் கேட்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக அவளே சொன்னாள். அந்த வீட்டில் குழாய் ஒழுகினால் அவள் திறந்த விதம் சரியில்லை. விளக்கு அணைந்தால் அவள் சுவிட்ச் போட்ட நேரம். கடைசியில் வீடு உடைந்ததற்கும் அவள் கைதான் காரணம் என்று ஆனது. "நான் தொட்டா எதுவும் நிக்காது அண்ணி," என்று சிரித்துக்கொண்டே சொல்வாள். இயந்திரத்துக்கு நூல் மாற்ற வரும்போதுகூட, "தொடட்டுமா அண்ணி?" என்று கேட்டுவிட்டுத்தான் தொடுவாள்.

காலை நேரத்தில் ஒரு மருந்துக்கடையில் வேலைக்குப் போனாள். பிறகு பெரிய மருத்துவமனையில் கணினி அறை ஆட்களுக்காக ஒரு பயிற்சி நடப்பதாகக் கேள்விப்பட்டு, முப்பத்தாறு வயதில் போய்ச் சேர்ந்தாள். நன்றாக முடிக்கிறவர்களுக்கு அங்கேயே வேலை. ஆனால் பாடம் நடத்துகிற சிஸ்டம் வேறு. லேப்டாப்பில் இருக்கிற பழையது அதற்கு ஒத்துவராது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மூவரும் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தபோது மெதுவாக ஆரம்பித்தாள்.

"அண்ணி, உங்க லேப்டாப்லயே ரெண்டாவதா இன்னொரு சிஸ்டம் போடலாமாம். உங்களது அப்படியே இருக்கும். உள்ள இருக்கற டிஸ்க்கை மட்டும் ரெண்டா பிரிக்கணும்."

"பிரிச்சா என் டிசைன் போயிடுமா?"

"போகாதுன்னுதான் சொல்றாங்க."

"எங்க அப்பா சொத்துல பிரிக்கறதுக்கு ஒண்ணுமே இல்லாமப் போச்சேன்னு எனக்கு ரொம்ப நாளா குறை," என்றார் கணவர், பல் குத்திக்கொண்டே. "இதையாவது பிரிங்க. நான் சாட்சிக் கையெழுத்துப் போடறேன்."

பேட்ஜ் அக்கா லேப்டாப்பைத் திரும்பிப் பார்த்தாள். அறுநூற்று நாற்பது டிசைன் என்பது பன்னிரண்டு வருடத்துச் சோறு. ஆனால் நாத்தனார் கேட்டுவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த வீட்டுக்கு வந்து அவள் வாய்விட்டுக் கேட்ட முதல் பொருள் அது. "சரி, பிரிச்சுடலாம்மா," என்று சொல்லிவிட்டு, அடுப்பங்கரையில் போய்ச் சாமியிடம் தனியாக ஒரு வார்த்தை சொல்லி வைத்தாள்.

கணினி பழுது பார்க்கிறவருக்கு இரண்டு தெரு தள்ளி மாடிப்படிக்கு அடியில் கடை. நிமிர்ந்தால் தலை இடிக்கும் என்பதால் எப்போதும் உட்கார்ந்தே இருப்பார். யார் வந்து எவ்வளவு பதறினாலும் "பொறுங்க" என்றுதான் தொடங்குவார். அதனால் அவர் பெயரே பொறுங்க ஆகிவிட்டது. இன்னொரு வழக்கமும் அவருக்கு உண்டு. எந்தக் கேள்வியையும் இரண்டு தடவை கேட்பார். முதல் தடவை மக்கள் சொல்வது பயத்தில் வரும், இரண்டாவது தடவைதான் விஷயம் வரும் என்பது அவர் கணக்கு.

முதலில் அறுநூற்று நாற்பதையும் வேறொரு டிஸ்க்கில் நகல் எடுத்து வைத்தார். பிறகு திரையில் ஒரு நீளமான பட்டையைக் காட்டினார்.

"இதுதான்கா உங்க வீடு. மொத்தம் நானூத்தி அறுபது ஜி.பி. உங்க சாமான் எல்லாம் சேர்த்தாலும் நாப்பதைத் தாண்டல. இவ்வளவு பெரிய வீட்ல நீங்க வாசப்படி ஓரமாத்தான் படுத்திருக்கீங்க."

"எனக்கு அது போதும் தம்பி."

"பிரிக்கணும்னா அங்கங்க கிடக்கற சாமானை எல்லாம் ஒரு பக்கமா ஒதுக்கணும். பொறுங்க." அரை மணி நேரம் பட்டையில் நிறங்கள் மெதுவாக நகர்ந்தன. பிறகு நின்றுவிட்டன. "நடு ஹால்ல ஒண்ணு உக்காந்துக்கிட்டு எழுந்திருக்க மாட்டேங்குது. சிஸ்டம் தனக்குன்னு வெச்சிருக்கற ஃபைல். அது நகராம பிரிக்க முடியாது."

கூட வந்திருந்த கணவர், "எங்க வீட்லயும் ஞாயித்துக்கிழமை ஆனா அப்படி ஒண்ணு உக்காந்திருக்கும்," என்றார்.

"அது நீங்கதானேண்ணா?" என்றாள் தங்கை.

"அதைத்தானே சொல்றேன்."

பொறுங்க அந்த ஃபைலைத் தற்காலிகமாக நிறுத்தினார். நிறங்கள் மறுபடி நகர்ந்தன. பட்டையின் வலது பக்கம் வெள்ளையாக, பெருக்கித் துடைத்த அறை மாதிரி ஆனது.

"புது சிஸ்டத்துக்கு ஒரு அம்பது குடுத்தாப் போதும்," என்றார்.

"பாதி குடுங்க தம்பி," என்றாள் பேட்ஜ் அக்கா.

"அவ்வளவு வேண்டியதில்லக்கா."

"இருக்கட்டும். ஓரமா கொஞ்சம் இடம் குடுத்தா ஓரமாவே உக்காந்திருப்பா. பாதின்னு போடுங்க."

நாத்தனார் கடைக்கு வெளியே தெருவைப் பார்க்கிற மாதிரி திரும்பிக்கொண்டாள். பொறுங்க ஒரு காகிதத்தில் கோடு கிழித்து, இந்தப் பக்கம் 230, அந்தப் பக்கம் 230 என்று எழுதி பேட்ஜ் அக்காவிடம் கொடுத்தார். அவள் அதை மடித்து நூல்கண்டு டப்பாவுக்குள் வைத்தாள்.

அன்றிலிருந்து லேப்டாப்பைப் போட்டால் கறுப்புத் திரையில் இரண்டு வரி வரும். பத்து நொடி பொறுத்தால் தானாக அண்ணி வீட்டுக்குப் போகும். ஒரு தட்டுத் தட்டிக் கீழ் வரிக்கு வந்தால் நாத்தனார் வீடு. காலை நேரம் அண்ணிக்கு, மதியத்துக்கு மேல் நாத்தனாருக்கு. அண்ணி பக்கத்திலிருந்து பார்த்தால் நாத்தனார் பக்கம் கண்ணில் படாதபடி பொறுங்க மறைத்து வைத்திருந்தார். ஒரே வீட்டில் இரண்டு குடித்தனம், சண்டையில்லாமல் நாலு மாதம் ஓடியது.

இந்த நாலு மாதத்தில் நாத்தனார் ஆளே கொஞ்சம் மாறினாள். பயிற்சி முடிவில் ஒவ்வொருவரும் ஒரு வேலையைச் செய்து காட்ட வேண்டும். மருந்துக்கடையில் பழகியவள் ஆயிற்றே, வார்டு வாரியாக மருந்து இருப்பைக் காட்டுகிற ஓர் ஏற்பாட்டைத் தானே செய்யத் தொடங்கினாள். சாயங்காலங்களில் முன்னறையிலிருந்து தட்டச்சு ஓசை வரும். சில நாள், "வந்துடுச்சு அண்ணி," என்று குரல் வரும். என்ன வந்தது என்று பேட்ஜ் அக்காவுக்குத் தெரியாது. இருந்தாலும் அடுப்பங்கரையிலிருந்தே, "வரட்டும் வரட்டும்," என்பாள்.

இடையில் ஒரு சின்ன விஷயம். அண்ணியின் பென்டிரைவ் நாற்காலிக் காலில் மாட்டி உடைந்துபோனது. லேப்டாப்பிலிருந்து டிசைனை இயந்திரத்துக்குக் கொண்டுபோவது அதில்தான். நாத்தனார் தன் வேலைக்கு நகல் வைத்திருந்த பென்டிரைவைச் சுத்தமாகத் துடைத்து, "இதை வெச்சுக்கோங்க அண்ணி, நான் வேற வாங்கிக்கறேன்," என்று கொடுத்துவிட்டாள். வேறு வாங்க நேரம் வாய்க்கவில்லை.

வேலையைக் காட்ட வேண்டிய நாளுக்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது.

அன்று காலை லேப்டாப் தன்னையே ஏதோ புதுப்பித்துக்கொண்டு எழுந்தது. பேட்ஜ் அக்கா அறுநூற்று நாற்பத்தொன்றாவது டிசைனை, ஒரு பள்ளிக்கூடத்துக்கான சூரியகாந்தியை, முடித்துவிட்டு பென்டிரைவைச் செருகினாள். பட்டியலில் அவளுடைய இடத்துக்கு அடுத்த வரியில்தான் பென்டிரைவ் எப்போதும் வரும். அவள் பெயரைப் படிப்பதில்லை. இடத்தைப் பார்த்து அழுத்துவாள். அன்றும் அடுத்த வரியை அழுத்தினாள். ஒரு பெட்டி வந்து ஆங்கிலத்தில் ஏதோ கேட்டது. விரல் இடது பக்கம் போனது. இன்னொரு பெட்டி வந்தது. இடது பக்கம். மூன்றாவது தடவையும் கேட்டது. கொஞ்சம் பெரிய எழுத்தில், மஞ்சள் நிற எச்சரிக்கையோடு கேட்டது. இயந்திரம் கேட்கிற அதே மூன்று கேள்வி என்று நினைத்து அதற்கும் இடது பக்கம்.

காலியாக ஓர் இடம் திறந்தது. சூரியகாந்தியை அதில் போட்டுவிட்டு, பென்டிரைவை உருவி இயந்திரத்தில் செருகினாள். உள்ளே ஒன்றுமில்லை என்றது இயந்திரம். திரும்பிவந்து பார்த்தால், பென்டிரைவ் இன்னும் ஒரு வரி கீழே தள்ளி நின்றது. நடுவில் நின்ற அந்தப் புது இடத்தின் பக்கத்தில் 230 என்று எழுதியிருந்தது. எங்கேயோ பார்த்த எண்ணாக இருக்கிறதே என்று ஒரு நிமிடம் தோன்றியது. பள்ளிக்கூடத்து ஆள் பன்னிரண்டு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். டிசைனைச் சரியான இடத்தில் போட்டுக்கொண்டு, லேப்டாப்பை அணைத்து மூடிவிட்டு, வேலையைப் பார்த்தாள்.

மதியம் நாத்தனார் வந்து, கைகால் கழுவி, லேப்டாப்பைத் திறந்தாள். இரண்டு வரி வரவில்லை. கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி ஆங்கிலத்தில் வந்து, அதன் கீழே ஒரு சின்னக் கோடு மினுக்கிக்கொண்டிருந்தது. அணைத்துப் போட்டாள். அதே. மறுபடி போட்டாள். அதே.

"அண்ணி," என்றாள். குரல் சன்னமாக இருந்தது. "நான் கெடுத்துட்டேன் அண்ணி."

பேட்ஜ் அக்கா கையிலிருந்த கத்தரிக்கோலோடு வந்து நின்றாள்.

"தினமும் பத்து நொடி காத்திருக்கறது ரொம்ப நேரமா இருக்குன்னு சொன்னீங்கல்ல? அதை அஞ்சு நொடியா மாத்தலாம்னு நேத்து உள்ள போய்க் கை வெச்சேன். நல்லாத்தான் இருந்தது. சும்மா இருந்திருக்கலாம். உங்களதையும் சேர்த்துக் கெடுத்துட்டேனே."

நூல்கண்டு டப்பாவுக்குள் மடித்து வைத்த காகிதம் பேட்ஜ் அக்காவின் நினைவுக்கு வந்தது. இந்தப் பக்கம் 230. அந்தப் பக்கம் 230. காலையில் தான் எதைத் திறந்தோம், எது மூன்று தடவை கேட்டது, தான் மூன்று தடவையும் எதற்குச் சரி சொன்னோம் என்று ஒரே நொடியில் விளங்கிவிட்டது.

அப்போதே சொல்லியிருக்கலாம். "நாளைக்குக் காலைல கடைக்குக் கொண்டுபோகலாம்மா. சரியாப் போயிடும்," என்று மட்டும் சொன்னாள்.

அன்று அவள் செய்த வேண்டுதலை நினைத்து அவளுக்கே பிறகு வெட்கமாக இருந்தது. "நான் வாயைத் திறக்காமலேயே அது திரும்பி வந்துடணும் சாமி" என்று கேட்டிருக்கிறாள். பன்னிரண்டு வருடத்தில் முதல் தடவையாகச் சாமியிடம் பெரியதாகக் கேட்டது அதைத்தான். அது வேண்டுதல் இல்லை, பேரம் என்பது கேட்கும்போதே தெரிந்தது.

மறுநாள் காலையில் மாடிப்படிக்கு அடியில் பொறுங்க லேப்டாப்பைப் போட்டுப் பார்த்தார்.

"பொறுங்க. என்ன செஞ்சீங்க?"

"அந்த மெனுல நொடியை மாத்தினேன் அண்ணா. நான்தான்."

"அப்போ அதுலதான் ஏதோ ஆகியிருக்கணும். பழைய லேப்டாப், இப்படி ஆகறது உண்டு. மேலயே புதுசா ஒரு தடவை சிஸ்டத்தைப் போட்டுட்டா மெனு வந்துடும். அக்கா பக்கமும் வந்துடும். ஒரு மணி நேரம். ஆனா உங்க பக்கத்துல இருக்கறது போயிடும். நகல் இருக்கா?"

"இல்ல அண்ணா."

"எப்போ குடுக்கணும்?"

"இன்னும் நாலு நாள் இருக்கு." நாத்தனார் கையைப் பிசைந்தாள். "போடுங்க. நான் கெடுத்ததை நானே மறுபடி செஞ்சுக்கறேன். முடியலேன்னா அடுத்த வருஷம் பார்த்துக்கறேன். அண்ணிக்கு வேலை நிக்கக் கூடாது."

பொறுங்க, சிஸ்டம் போடுகிற குறுந்தட்டை எடுத்துச் செருகப் போனார். வழக்கம் விடுமா? கையை நிறுத்திவிட்டு, இரண்டாவது தடவை கேட்டார். "வேற யாரும் எதையும் அழிக்கலையே?"

"நான் அழிச்சேன் தம்பி," என்றாள் பேட்ஜ் அக்கா.

பொறுங்க அவள் பக்கம் திரும்பினார்.

"நேத்துக் காலைல பென்டிரைவ்னு நினைச்சு வேற எதையோ திறந்துட்டேன். பெட்டி வந்து கேட்டது. மூணு தடவை கேட்டது. மூணு தடவையும் இடது பக்கம் அழுத்தினேன். அப்புறம் காலியா ஒண்ணு வந்தது. பக்கத்துல இருநூத்தி முப்பதுன்னு போட்டிருந்தது. அதுல ஒரு டிசைனையும் போட்டேன். இவ மேல எந்தத் தப்பும் இல்ல."

பொறுங்க கையிலிருந்த தட்டை மேசை ஓரத்தில் வைத்தார். மெதுவாக வைத்தார், கண்ணாடிச் சாமானை வைப்பது மாதிரி.

"நல்ல வேளை சொன்னீங்கக்கா. இதை மட்டும் போட்டிருந்தேன், அவ்வளவுதான், கடவுளே வந்தாலும் எடுக்க முடியாது. அழியறதுக்கு எவ்வளவு நேரம் ஆச்சு? ரெண்டு நிமிஷமா, ரெண்டு மணி நேரமா?"

"உடனே ஆயிடுச்சு."

"உடனேன்னா மேலோட்டமாத்தான் துடைச்சிருக்கு. சாமான் உள்ளதான் கிடக்கு. எது எங்க இருக்குங்கற பட்டியல்தான் போயிருக்கு. இந்த சிஸ்டத்துக்கு ஒரு நல்ல பழக்கம் உண்டு. அந்தப் பட்டியலோட நகலை வேற வேற இடத்துல ஒளிச்சு வெச்சிருக்கும். ஒண்ணாவது தப்பிச்சிருக்கும். எத்தனை டிசைன் போட்டீங்க?"

"ஒண்ணே ஒண்ணு."

"ஒண்ணுதானே? சரியா ஒண்ணுதானே?"

"ஒண்ணுதான் தம்பி. சூரியகாந்தி."

"அது உக்காந்த இடம் போயிருக்கும். மத்தது கிடைக்கும்னு நினைக்கறேன். டிஸ்க்கைக் கழட்டி முழுசா நகல் எடுத்து, நகல்லதான் கை வைப்பேன். ரெண்டு நாள் ஆகும். அதுவரைக்கும் உங்க வேலையும் நிக்கும்க்கா."

"நிக்கட்டும்," என்றாள் பேட்ஜ் அக்கா.

வழியெல்லாம் நாத்தனார் நாலு எட்டு முன்னால் நடந்தாள். மாடிப்படி வந்ததும், முதல் படியில் நின்று திரும்பினாள்.

"உங்களுக்கு நேத்து மதியமே தெரியுமா?"

"தெரியும்."

"நேத்துப் பூரா நான் என்னையே திட்டிக்கிட்டு இருந்தேன் அண்ணி. பார்த்துக்கிட்டுத்தானே இருந்தீங்க?"

"ஆமாம்மா." பயமாக இருந்தது என்று சொல்லலாம். அது உண்மைதான். ஆனால் பயத்தைச் சொன்னால் அவள் இரக்கப்படுவாள்; அவளிடமிருந்து இரக்கத்தையும் வாங்கிக்கொள்வது நியாயமில்லை என்று பட்டது. "தப்புப் பண்ணதை விட, சொல்லாம இருந்ததுதான் பெரிய தப்பு. மன்னிச்சுக்கோ."

நாத்தனார் திரும்பிப் படி ஏறினாள்.

இரண்டு நாள் வீட்டில் இயந்திரம் ஓடவில்லை. தரை அதிராததில் கீழ்வீட்டுக்காரம்மாவே மேலே வந்து, "உடம்பு சரியில்லையா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். நாத்தனார் வேண்டியதற்கு மட்டும் பேசினாள். கணவர் இருவருக்கும் நடுவில் நின்று, "ரெண்டு மாடிக்கு நடுவுல சிக்கின லிஃப்ட் மாதிரி இருக்கேன். யாராவது ஒருத்தர் பொத்தானை அமுக்குங்க," என்றார். யாரும் சிரிக்கவில்லை. ஆனால் நாத்தனாரின் உதடு ஓரம் கொஞ்சம் அசைந்ததை பேட்ஜ் அக்கா பார்த்துவிட்டாள். அந்த அசைவை வைத்துக்கொண்டே ஒரு பொழுதை ஓட்டினாள்.

மூன்றாவது நாள் காலையில் பொறுங்க போன் செய்தார். இருவரும் போனார்கள். திரையில் நாத்தனாரின் ஃபைல்கள் வரிசையாக நின்றன. அவள் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். திறந்தது. திறந்தது. இன்னொன்றும் திறந்தது. கடைசியில் இரண்டு மட்டும் திறக்கவில்லை. அந்த இடத்தில் சூரியகாந்தி ஏறி உட்கார்ந்திருந்தது.

"இந்த ரெண்டும் முக்கியமானதா?" என்றார் பொறுங்க.

"விளக்கம் எழுதின பக்கங்கள். இன்னைக்கு உக்காந்தா எழுதிடலாம்." அவள் நாற்காலியில் சாய்ந்தாள். பிறகு திடீரென்று சிரிக்கத் தொடங்கினாள். சிரிப்பு நிற்கவில்லை, கண்ணிலிருந்து நீரும் வந்தது. பொறுங்க பதறிப்போய், "பொறுங்க, பொறுங்க," என்றார்.

"ஒண்ணுமில்ல அண்ணா," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, அண்ணியின் பக்கம் திரும்பினாள். "அண்ணி, எனக்கு விவரம் தெரிஞ்ச நாளா, வீட்ல ஒண்ணு கெட்டுப்போய், அதைக் கெடுத்தது நான் இல்லேன்னு ஆனது இதுதான் முதல் தடவை."

பேட்ஜ் அக்கா அவள் தோளில் கை வைத்தாள். தட்டிவிடுவாளோ என்று பயந்துதான் வைத்தாள். அவள் தட்டிவிடவில்லை.

டிஸ்க்கைப் பழையபடி மாட்டி, பட்டையைப் பழையபடி பாதி பாதியாக நிறுத்தினார் பொறுங்க. "நான் மறைச்சுத்தான் வெச்சிருந்தேன்கா. புதுப்பிச்சப்ப அது மறுபடி எட்டிப் பார்த்திருக்கு. திரும்ப மறைச்சிருக்கேன். ஆனா திரும்ப எட்டிப் பார்க்காதுன்னு என்னால சத்தியம் பண்ண முடியாது. நீங்கதான் ஜாக்கிரதையா இருக்கணும்."

வீட்டுக்கு வந்ததும் பேட்ஜ் அக்கா செய்த முதல் வேலை அறுநூற்று நாற்பத்திரண்டாவது டிசைன். பூவும் இல்லை, கப்பலும் இல்லை. நீலத் துணியில் வெள்ளை நூலால் ஒரே ஒரு சொல்: வேண்டாம். நாலே நிமிடத்தில் தைத்து, ஓரம் கத்தரித்து, லேப்டாப்பில் விசைகளுக்குக் கீழே, இடது கை வைக்கிற இடத்தில் பசை போட்டு ஒட்டினாள்.

குறித்த நாளில் நாத்தனார் தன் வேலையைக் காட்டிவிட்டாள். இப்போது மருத்துவமனையில் கணினி அறைக்குள் அவளுக்கு ஒரு நாற்காலி இருக்கிறது. அங்கே தொடுவதற்கு முன் யாரிடமும் கேட்பதில்லையாம். மாலையில் வீட்டுக்கு வந்து, தன் பக்கத்தில் இன்னும் ஏதாவது படித்துக்கொண்டிருப்பாள். பாதி வீடு அவளுடையதுதானே.

போன வாரம் ஒரு சாயங்காலம் பேட்ஜ் அக்கா ஓர் அவசர வேலைக்காக லேப்டாப்பில் உட்கார்ந்திருந்தாள். அதே பெட்டி வந்து நின்றது. அதே இடத்தில், அதே ஆங்கிலத்தில். விரல் வழக்கப்படி இடது பக்கம் கிளம்பிவிட்டது. உள்ளங்கை அடியில் நூல் தட்டுப்பட்டது. விரலை எடுத்துக்கொண்டு, இரண்டு கையையும் மடியில் வைத்தாள்.

"ஏம்மா," என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள். "உன் வீட்டு வாசல்ல யாரோ வந்து நிக்கறாங்க. என்னன்னு நீயே வந்து கேளு. நான் கதவைத் திறக்க மாட்டேன்."